ஆற்றுப்பாலையின் பஞ்சு

ஆற்றுப்பாலை மரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். பெயர்தான் தெரிந்திருக்காது. ஆற்றோரத்தில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். இலை மெலிந்து நீண்டு, அடிப்புறம் வெளுத்திருக்கும். இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நம் பக்கத்து ஆறுகளில் இருப்பவை எல்லாம் பெண் மரங்கள், அவற்றில் விதை பிடிக்காது, ஒடிந்த கிளை ஈரமண்ணில் வேர்விட்டே பரவுகிறது என்று கட்டுரை எழுதியவன் நான். என் பெயர் சொல்ல இருப்பது அது ஒன்றுதான். என்னிடம் ஆய்வு செய்த ஜெஸ்மி ஒருநாள் வந்து நின்றாள்.

“சார், அக்கரையில ஒரு ஆண் மரம் நிக்கி. பெண் மரத்துல காய் வெடிச்சுப் பஞ்சு வருது. விதை முளைக்கும் சார்.”

“முளைக்க வச்சுக் காட்டு மக்கா. நானே திருத்தி எழுதுகேன்,” என்றேன். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விதைக்கு ஆயுள் சில நாள்தான். பறித்த சூட்டோடு விதைத்தால் மறுநாளே முளைவிடும். வாரம் கடந்தால் செத்துவிடும்.

மழை விட்ட ஒரு காலையில், அந்தப் பெண் மரம் நின்ற நடு ஆற்றுத் திட்டிலிருந்து போன் செய்தாள்.

“கொஞ்சம் பறிச்சாச்சு சார். தண்ணி கலங்கி வருது. கரை ஏறிரட்டா?”

அணையைத் திறக்கிறார்கள் என்ற எச்சரிக்கை அரை மணிநேரம் முன்பே என் போனுக்கு வந்திருந்தது.

“இது காணாது மக்கா. மேல் கொம்புலயும் எடு,” என்றேன். வெள்ளம் வரும் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஆனால் பொய் சொல்லவில்லை. மாதிரி கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லது.

அடக்கத்தன்று அவள் அப்பா யோவான் ஒரு பிளாஸ்டிக் உறையை என்னிடம் நீட்டினார். “அவ பையில இருந்தது. சாருக்குன்னுதான் பறிச்சிருப்பா. நீங்களே வச்சுக்கிடுங்க.” உறைக்குள் ஒரு சொட்டு நீர் புகவில்லை. கவனமான பிள்ளை.

துக்க நேரத்தில் ஆராய்ச்சி எதற்கு என்று பத்து நாள் அதை அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு முறைப்படி ஈரத்தாளில் நூறு விதை பரப்பினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. என் கட்டுரையில் பிழை இல்லை என்பதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.