அழுவதற்கு ஒரு நாவல்

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காளின் மடியில் நூலகத்தில் எடுத்த இரண்டு நாவல்கள். இரண்டையும் எழுதியவர் அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருவர்.

"ரெண்டுலயும் கடைசில சாவுதான் கண்ணு. இதுல கொழந்த சாகுது, அதுல புருசன் சாகறான்னு லைப்ரரிக்காரம்மா சொன்னாங்க. எதை மொதல்ல படிக்கட்டும்?"

"புருசன் கதை இப்ப வேண்டாங்க்கா. மாமா போயி இன்னும் வருசம் திரும்பலையே."

அக்காள் புருசன் கதையை மேலே எடுத்து வைத்தாள்.

"அதைத்தான் மொதல்ல படிக்கோணும். நான் சும்மா உக்காந்து அழுதா பசங்க பயந்துக்கறாங்க, சோறு திங்க மாட்டேங்கறாங்க. கதை படிச்சு அழுதா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்ல?"

வளைவில் பஸ் திரும்பியபோது புத்தகங்கள் சரிந்தன. தங்கை அவற்றைப் பிடித்து, குழந்தை சாகும் கதையை மட்டும் பைக்குள் வைத்தாள்.

"அப்படீன்னா எங்கூட்டுக்கு வந்து சத்தமா படிங்க. உங்களப் பாத்துக்கற அவசரத்துல, மாமாவுக்குன்னு நான் இன்னும் அழுகவே இல்லீங்க்கா."