கவர்மெண்ட்டு போட்ட பரிசம்

ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண். பக்கத்தில் அவளைவிட மூத்த ஒருத்தி. இது காதில் விழும்வரை நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பொண்ணுக்குக் கவர்மெண்ட்டு ஏற்கெனவே பரிசம் போட்டாச்சுக்கா."

"என்னடி உளர்ற? அதுக்கு இன்னும் பல்லே முளைக்கல."

"பேர் வெச்ச அன்னிக்கே நாத்தனார் வளையலோட வந்து நின்னாங்க. 'இவ என் பையனுக்குத்தான்'னாங்க. அவன் இப்பதான் ஒண்ணாங்கிளாஸ்."

"முறைதானே. நீ என்ன சொன்னே?"

"முடியாதுன்னா சண்டை வரும். அதனால, பொண்ணு பொறந்ததுக்கு சர்க்கார்ல பாண்டு குடுத்திருக்காங்க, பதினெட்டுக்கு முன்னாடி கட்டிக்குடுத்தா அது செல்லாது, கல்யாணப் பேச்செடுத்தாலே அங்கன்வாடி டீச்சர் மேல எழுதிப் போட்டுருவாங்கன்னேன்."

"பேச்செடுத்தாலேவா? அப்படியா சட்டம்?"

"மொத ரெண்டும் கவர்மெண்ட்டு சட்டம். கடைசி நான் போட்டது."

மூத்தவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"நாத்தனார் நம்பிட்டாங்களா?"

"இப்பல்லாம் டீச்சர் எதிர்ல வந்தா சந்துல திரும்பிடறாங்க."

"கேடிடி நீ! நீயே அத்தை பையனைத்தானே கட்டிக்கிட்டே?"

அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

"ஆமாக்கா. எங்கத்தையும் இதே மாதிரி வளையலோடதான் வந்தாங்க. பதினஞ்சு வயசுல தாலி ஏறிடுச்சு. சாக்கு சொல்ல எங்கம்மாவுக்கு ஒரு கவர்மெண்ட்டு இல்லையே."