பூசணி நகர மாட்டேங்குது

— ஒன்பது நாள், ஆறு மணி நேரம் அண்ணி. இந்த மேகம் உங்க வீட்டு மேலயே நின்னு பெய்யுது. ஒரு அடி நகரல. விதிப்படி ஒரு மேகம் ஒரு தெருவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது. சரிதானா?

— வா தம்பி. உள்ள வந்து சொல்லு. கேட்டுக்கு வெளிய நின்னு கத்தினா மழைச் சத்தத்துல பாதி கேக்கல.

— இல்ல அண்ணி. பூட்ஸ் எல்லாம் சேறு. இங்கயே நிக்கிறேன்.

— உள்ள மட்டும் என்ன காய்ஞ்சா கிடக்குது? கூடத்துல நாலு பாத்திரம் வச்சிருக்கேன். கட்டில் மேல ஒழுகுதேன்னு கட்டிலை நகர்த்தினேன். மழையும் பின்னாடியே நகர்ந்து வந்துச்சு. நீ ரெண்டு காலடி சேறு கொண்டு வந்தா ஒண்ணும் குறைஞ்சுடாது.

— நான் இன்னிக்குக் கொழுந்தனா வரல. நகராட்சி மேகப் பிரிவு இன்ஸ்பெக்டரா வந்திருக்கேன்.

— அப்படியா. அப்ப இன்ஸ்பெக்டர் சார், குடையை நேராப் பிடிங்க. தோள் நனையுது.

— ஆபீசரே! ஆபீசரே, இங்க மாடியில! நான் ஒண்ணும் சொல்லல. இருந்தாலும் ஒரு வார்த்தை கேக்கறேன். நடுவுல இருக்கறது பத்தடி ரோடு. அந்தப் பக்கம் அடைமழை. இந்தப் பக்கம் என் தொட்டிச் செடியெல்லாம் கருகிப் போச்சு. மேக வரி மட்டும் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணா?

— எதிர்வீட்டு வாத்தியாரே, கொஞ்சம் பொறுங்க. அதுக்குத்தானே வந்திருக்கேன்.

— நான் ஒண்ணும் சொல்லல.

— அண்ணி, கேளுங்க. ஊருக்கு மொத்தம் ஏழு மேகம். மத்த ஆறும் அததோட வார்டுல ஒழுங்கா பெய்யுது. பூசணி இந்த வாரம் எங்கெல்லாம் போயிருக்கணும் தெரியுமா? சந்தை. சலவைத்துறை. ஆஸ்பத்திரித் தொட்டி. தொட்டியில முழங்கால் அளவுகூடத் தண்ணி இல்ல. பிரசவ வார்டுக்குக் குடத்துல சுமக்கறாங்க.

— பூசணின்னு வாயில வருது. ஆபீஸ்ல அதுக்கு நம்பர்தானே?

— மூணாம் நம்பர். மூணாம் நம்பர் மேகம்.

— பூசணின்னு பேர் வச்சதே நீதானாமே. ஏழு வயசுல, மொட்டை மாடியில படுத்துக்கிட்டு. உங்க அண்ணன் எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

— அது இப்ப எதுக்கு? புது மேக மேய்ப்பர் தினமும் கோபுரத்துல ஏறி, தொண்டை கட்டற வரைக்கும் விசில் அடிக்கிறார். இது திரும்பிக்கூடப் பாக்கல.

— மேகத்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? திரும்பினா மட்டும் அவருக்குத் தெரிஞ்சுடப் போகுதா?

— சிரிக்கற நேரம் இல்ல அண்ணி.

— எனக்கு அழற நேரமும் இல்ல தம்பி. பாத்திரம் ரொம்பறதும் நான் கொண்டு போய்க் கொட்டறதுமாவே பொழுது போகுது.

— உங்களுக்குத் தெரியாத விஷயமா? மேய்ப்பர் இல்லாமப் போனா மேகத்துக்கு அது புரியாது. அவரைக் கடைசியா எந்த வீட்டுக்குள்ள கொண்டு போனாங்களோ, அந்த வீட்டு மேல வந்து நின்னுக்கும். திரும்ப வெளிய வருவாருன்னு நிக்கும். வீட்டு ஆள் முற்றத்துல நின்னு வாய்விட்டுச் சொல்லணும். சொன்னா கேட்டுக்கும். போன தடவை அஞ்சாம் நம்பருக்கு அந்த மேய்ப்பரோட பொண்ணு வந்து சொன்னா. சொல்லி முடிச்சு மூக்கைத் துடைக்கறதுக்குள்ள கிளம்பிடுச்சு.

— என்னன்னு சொல்லணும்?

— அதான். நடந்ததை.

— என்ன நடந்துச்சு?

— அண்ணி.

— இல்ல, இன்ஸ்பெக்டர் சார் தெளிவா சொல்லணும்ல. நான் பாட்டுக்குத் தப்பா ஏதாவது சொல்லி வச்சுட்டா?

— சுற்றறிக்கையில, 'உண்மை நிலவரத்தை வாய்மொழியாக'ன்னு போட்டிருக்கு.

— அந்த நிலவரம்தான் என்னன்னு கேக்கறேன்.

— அண்ணன் காலையில விசில் அடிச்சுட்டு இறங்கினது. பாதிப் படியில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தது. காவலாளி ஓடி வந்து பாத்தது. அதெல்லாம்.

— அதெல்லாம்னா?

— விளையாடாதீங்க அண்ணி. அஞ்சு மணிக்கு உப்பு வண்டி வருது.

— என்ன வண்டி?

— உப்பு. தூளாக்கி, குழாய் வழியா மேகத்துக்குள்ள அடிப்பாங்க. உள்ள மிதக்கற துளியெல்லாம் உப்பைப் பிடிச்சுக்கிட்டு கனமாகி, ஒரேயடியா கீழ கொட்டிடும். பத்து நிமிஷ வேலை.

— அப்புறம் பூசணி?

— இருக்காது.

— இருக்காதுன்னா?

— வெறும் வானம் இருக்கும்.

— யார் உத்தரவு இது?

— பெரிய ஆபீசர். நான் கெஞ்சிப் பாத்துட்டேன். ஒரு மேகத்துக்காக ஒரு ஆஸ்பத்திரியைக் காயப் போட முடியுமான்னு கேட்டார். என்ன பதில் சொல்றது? நியாயம்தானே. மலைக்கு ஆள் அனுப்பி, குட்டி மேகம் ஒண்ணு பிடிச்சுட்டு வந்து பழக்கிக்கலாம்னு சொல்லிட்டார்.

— இப்ப மணி என்ன?

— நாலரை ஆகப் போகுது. அதனாலதான் சொல்றேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன் அண்ணி. முப்பது வருஷம் அவன் மேய்ச்ச மேகம். நாலு வார்த்தை சொன்னா அது பொழைச்சுப் போகும். உங்களுக்குச் சொல்ல மனசு வரல, எனக்குப் புரியுது. ஆனா எத்தனை நாளைக்கு? முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்க முடியுமா?

— இதை நீ என்கிட்ட சொல்ற.

— வேற யார்கிட்ட சொல்ல?

— முந்தாநாள் கோபுரத்துக் காவலாளி வந்திருந்தார். உன் மேஜையில தினமும் ரெண்டு பிளாஸ்க் இருக்காமே.

— அவருக்கு வேற வேலை இல்ல.

— ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு யாருக்கு?

— பழக்கம் அண்ணி. கடைக்காரர் ரெண்டுலயும் டீ ஊத்திடறார். கை தானா வாங்கிடுது.

— சாயங்காலம் யார் குடிக்கறா?

— கொட்டிடுவேன்.

— கொட்டி, கழுவி, கவுத்து வச்சு, மறுநாள் காலையில மறுபடியும்.

— அது ஆபீஸ் விஷயம்.

— அவரோட மழைக்கோட்டைப் புது மேய்ப்பர் கேட்டாராம். கொடுக்க மாட்டேன்னுட்டியாம்.

— அளவு சேராது. அந்த ஆள் குட்டை.

— 'அண்ணன் வந்தா கேப்பான்'னு சொன்னியாம்.

— அப்படியா சொன்னேன்?

— அப்படித்தான் சொன்னியாம். காவலாளி சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

— அண்ணி, பேச்சை மாத்தாதீங்க. நேரம் போகுது. நீங்க முற்றத்துக்குப் போங்க. நான் வேணும்னா இங்கருந்து திரும்பிக்கறேன். காதைக்கூடப் பொத்திக்கறேன். யாருக்கும் கேக்காம மெதுவா சொன்னாப் போதும்.

— ஆபீசரே! நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தம்மாவை இப்படிப் போட்டுப் படுத்தறது எனக்கே பொறுக்கல. அவங்கதான் முதல் நாளே சொல்லிட்டாங்களே!

— என்னது?

— வாத்தியாரே, நீங்க உள்ள போங்க.

— போறேம்மா. ஆனா சொல்லிட்டுத்தான் போவேன். ஆபீசரே, நாங்க அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போய் வச்சுட்டுத் திரும்பறோம், இந்தம்மா நடு முற்றத்துல தலையை நிமிர்த்தி நிக்கறாங்க. ஒரே குரல். தெருவுக்கே கேட்டுச்சு. என் வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்துட்டா. நீங்க அன்னிக்கு இங்க இருந்திருந்தா உங்களுக்கும் கேட்டிருக்கும்.

— அண்ணி?

— ஆமா.

— சொல்லிட்டீங்களா?

— அன்னிக்கே சொல்லிட்டேன்.

— அப்ப ஏன் நகரல? உங்க பேச்சை அது நம்பலையா?

— நம்புச்சு. நான் சொன்னதும் மழை பட்டுனு நின்னுச்சு. ஓட்டுல ஒரு சொட்டுச் சத்தம் இல்ல. போகப் போகுதுன்னு நினைச்சேன். அப்புறம் மெதுவா மறுபடி ஆரம்பிச்சது. நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இன்னும் ஒரு குரல் பாக்கி இருக்குன்னு புரிஞ்சுது.

— யார் குரல்?

— தினமும் காலையில இந்த மேகம் எப்படிக் கிளம்பும்?

— அது ஊருக்கே தெரியும். அண்ணன் கோபுரத்துலருந்து நீளமா ஒரு விசில்.

— அப்புறம்?

— அப்புறம் நான் ஆபீஸ் ஜன்னல்லருந்து சின்னதா ரெண்டு.

— எதுக்கு அந்த ரெண்டு?

— சின்ன வயசுலருந்தே அப்படித்தான். அவன் கூப்பிடுவான். நான் சரின்னு சொல்லுவேன். என் சத்தம் கேட்டாத்தான் பூசணி நகரும்.

— இந்த ஒன்பது நாள்ல ஒரு தடவையாவது அடிச்சியா?

— இல்ல.

— ஏன்?

— அவன் முதல்ல அடிக்கணும்ல அண்ணி.

— ம்.

— சுற்றறிக்கையில 'வீட்டு ஆள்'னுதானே இருக்கு. நாங்க எல்லாரும் உங்களைத்தான் நினைச்சோம். ஆபீஸ்லகூட உங்க பேரைத்தான் எழுதினாங்க.

— நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டுல ரெண்டு பேர் இருந்தாங்க தம்பி. ஒரே தட்டுல சாப்பிட்டு, ஒரே போர்வைக்கு அடிச்சுக்கிட்டு. நான் மூணாவதா வந்தவ. நீ வீட்டு ஆள் இல்லன்னு யார் சொன்னா?

— இதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல?

— மூணு தடவை ஆள் விட்டேன். ஆபீஸ்ல இல்லன்னு சொல்லச் சொன்னே. அவரைக் கொண்டு வந்த அன்னிக்கு நீ கேட் வரைக்கும் வந்தே. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொக்கியில கை வச்சே. அப்புறம் எடுத்துட்டே.

— பாத்தீங்களா.

— கூட்டத்துல ஆளாளுக்கு உன்னைக் கேட்டாங்க. தொட்டியில உடைப்பு, அங்க மாட்டிக்கிட்டான்னு சொன்னேன்.

— எந்தத் தொட்டி?

— நானே ஒரு தொட்டியைக் கட்டி, நானே உடைச்சேன்.

— அண்ணி...

— எனக்கு உன் மேல கோபம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அவரைத் தூக்கறப்ப உன் தோள் இருந்திருக்கணும். அப்புறம் ஒவ்வொரு நாளும் இந்த மழையைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பாவம், இதுவும் உன்னை மாதிரிதான். வாசல் வரைக்கும் வந்துட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம நிக்குது. திட்டவா முடியும்?

— ஆபீசரே! வண்டி! தெருமுனையில திரும்புது! குழாயெல்லாம் தெரியுது!

— தம்பி, உள்ள வா.

— கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லிட்டு வரேன்.

— அதை வாத்தியார் பாத்துப்பார். வாத்தியாரே, கொஞ்சம் அவங்களை நிறுத்துங்க!

— நானா? நான் என்னம்மா சொல்றது? சரி, சரி. போய் ரோட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்துடறேன். என்னைத் தாண்டி எப்படிப் போறாங்கன்னு பாக்கறேன்.

— வா தம்பி. கொக்கி துருப்பிடிச்சிருக்கு. தூக்கி இழுக்கணும்.

— தெரியும் அண்ணி. இது எங்க வீடு.

— இப்படி நடுவுல வந்து நில்லு. குடையை மடக்கு. அது உன் முகத்தைப் பாக்கட்டும்.

— கண்ணைத் திறக்க முடியல. இவ்வளவு வேகமா பெய்யுது.

— உன்னைக் கண்டுடுச்சு. அதான் இந்த வேகம்.

— பூசணி. உனக்குத் தெரிவிச்சுக்கறது என்னன்னா, உன் மேய்ப்பர் கடந்த...

— அது நோட்டீஸ் போர்டுல ஒட்டறது.

— அண்ணன் தவறிட்டார்.

— அது வாத்தியார் பேச்சு. மாடியில படுத்துக்கிட்டு இதுகூட எப்படிப் பேசுவியோ, அப்படிப் பேசு.

— முதல்ல விசில் அடிச்சுக்கட்டுமா?

— அடி.

— வரல அண்ணி. உதடு குவிய மாட்டேங்குது. வெறும் காத்துதான் வருது.

— பரவாயில்ல. அதுக்கு உன் காத்து தெரியும். பாரு, மழை தணியுது. காது கொடுக்குது.

— சொல்லிட்டா நிஜமாயிடும்.

— ஆயிடும். நான் சொல்லிப் பாத்தவ.

— சொன்ன பிறகு எப்படி இருந்துச்சு உங்களுக்கு?

— கூடத்துக்குள்ள போனேன். அவர் செருப்பு இருந்துச்சு. அதை எடுத்து ஓரமா வச்சேன். வேற ஒண்ணும் தோணல.

— என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?

— அப்பவே பிடிச்சுட்டேன் தம்பி. உனக்குத்தான் தெரியல.

— டேய் பூசணி. இங்க பாரு. அவன் இனி வெளிய வரமாட்டான்டா. நீயும் நானும் காத்துக்கிட்டிருந்தது போதும். எங்க அண்ணன் செத்துட்டான்.