அணையின் வாயை நான் அளக்கவில்லை

தலைமை ஏற்றிருக்கும் கஹவத்தைக் கடைவீதி நடராஜா ஐயா அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் வெள்ளையம்மா அக்கா அவர்களே, உங்கள் முன் தலை குனிந்து வணங்குகிறேன்.

இருளப்பன் அண்ணனின் முதலாண்டு நினைவுக் கூட்டத்தில் இராஜம் பெரிய பொறியியலாளர் என்று என்னைப் புகழ்ந்தார்கள். நான் அதற்கு உரியவளா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போன வருடம் உங்கள் மேல்மலை அணையைக் கணினியில் கட்டியவள் நான். எவ்வளவு மழைக்கு எவ்வளவு நீர் ஏறும், மிகுந்த நீர் வாய்வழியே எவ்வளவு வெளியேறும் என்று அந்த மென்பொருள் கணக்கிடும். வாய் பன்னிரண்டு அடி, தடை ஏதுமில்லை என்று பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதினேன். பெருமழைக்கும் அணை தாங்கும் என்று விடை வந்தது. கணினி பொய் சொன்னதா? நான் திறந்து கொடுத்த வாயைத்தானே அது திறந்து வைத்தது!

அதற்கு முன் ஒருமுறை ஜீப்பில் வந்தேன். அணைமேட்டில் வெள்ளையம்மா அக்கா என்னை மறித்தார்.

"மிஸ், கோடையில பெக்டரிக்குத் தண்ணி நிக்கணும்னு வாய்க்கு பலகை அடிச்சாங்க. இன்னும் கழட்டல. வந்து பாருங்க."

குருவிட்ட தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த எனக்கு அந்தத் தமிழ் விளங்காதா? ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. உடன் வந்த அதிகாரிகளுக்கு நான் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமே என்று கூசினேன். "மட்ட தெமள தேரென்னே நே" என்றேன். தமிழ் விளங்காது என்று சிங்களத்தில் சொன்னேன். பலகை அடித்த கதையையே அக்கா சிங்களத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டேன்.

பின்வரிசையில் யாரோ 'சீ' என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

மழை பிடித்தது. மூன்று நாள் ஓயவில்லை. பலகை மறித்த நீர் அணையின் தலைவரை ஏறியது. கீழே பதினொரு லயக் காம்பரா, பதினொரு குடும்பம். அக்காவின் கணவர் இருளப்பன் அண்ணன் அலவாங்குக் கடப்பாரையோடு போனார். முதல் பலகையைப் பெயர்த்தார். இரண்டாவதைப் பெயர்த்தார். மூன்றாவதோடு அவரும் போனார். அணை நின்றது. லயம் நின்றது. அவர் இல்லை.

துக்கத்துக்கு வந்து தமிழில் அழுதேன். அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னா மிஸ், இப்ப தமிழ் வந்துருச்சா?"

தாய்மார்களே, அணையைத் தினம் பார்ப்பவர்கள் நீங்கள். இனி எந்தப் பொறியியலாளர் வந்தாலும் மறியுங்கள். தமிழில் சொல்லுங்கள், சிங்களத்தில் சொல்லுங்கள், அப்போதும் கேட்காவிட்டால் ஜீப்புக்கு முன்னால் உட்காருங்கள். உள்ளே இருப்பது நானாக இருந்தாலும் உட்காருங்கள்!

அந்தக் கணக்கை முதலிலிருந்து மறுபடி செய்யப்போகிறேன். நாளை காலை, பிரட்டில் நீங்கள் பேர் பதியும் முன், அளவுநாடாவோடு அணைமேட்டில் நிற்பேன். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். அக்கா, உங்களைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேராக என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வையையும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியவள்தான்.

பேச இடம் தந்த தோட்டத்துக்கு நன்றி. எழுந்து போகாமல் இருந்து கேட்டதற்கு அதைவிடப் பெரிய நன்றி. உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.