போர்வையின் மறுமுனை

எங்கள் கோவில் வியாகுல மாதா சிலையின் வெல்வெட் போர்வை பார்ப்பதற்கு லேசாகத்தான் இருக்கும், ஐயா. தூக்கினால்தான் கனம் தெரியும். ஒருத்தி ஒரு முனையைத் தோளில் அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி மறுமுனைக்கு ஊசி குத்த வேண்டும். தனியாகச் செய்தால் சரிந்துவிடும்.

பெரிய வெள்ளியன்று மாதாவுக்கு உடுத்திவிட, மகனைப் பறிகொடுத்த தாய்மார் மட்டுமே தொடலாம். பங்குச் சாமியாரே கதவுக்கு வெளியேதான் நிற்பார். என் நிக்கோலா எங்கள் நிலவறைத் திராட்சைத் தொட்டியில் இறங்கிச் செத்த வருடம் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சாறு புளித்த விஷ ஆவி அடியில் தங்கியிருந்தது. அவன் முகத்தில் வலியே இல்லை, தூங்குகிறவன் மாதிரி இருந்தான். இதை நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

என்னோடு உடுத்திய தொனாத்தா இறந்தபின் நான் ஒருத்திதான். இப்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சாவதில்லை, ஜெர்மனிக்குப் போய்விடுகிறார்கள். போன வருடப் பவனியில் நடுத்தெருவில் போர்வை சரிந்தது. ஊரே பார்த்தது.

அன்று பக்கத்து வீட்டு ரொசாரியா, "அடுத்த வருசம் நானும் ஒரு கை பிடிக்கிறேன்க்கா. மாதா என்ன, என்னைப் பாத்து வெக்கப்படவா போறாங்க?" என்றாள்.

"அதுக்கு நீ இன்னும் லாயக்கில்லடி. ஆகவும் வேணாம்."

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அவள் மகன் வீத்தோ சாப்பாட்டுக்குக் காத்திருந்தான். அவர்களுடைய தட்டுச் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீத்தோ நல்ல பையன். நிக்கோலாவுக்குப் பிறகு என் தொட்டியை அவன்தான் கழுவித் தருவான். இறங்குவதற்கு முன் மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது. இலையுதிர்காலத்தில் அவன் வந்தபோது நான் ஏற்கெனவே விட்டுப் பார்த்திருந்தேன்.

"பெரியம்மா, எரியுதா?"

"நல்லா எரியுதுடா."

"அப்ப இறங்குறேன். காப்பி போட்டு வைங்க. போன தடவ மாதிரி வெந்நி குடுத்தீங்க, மாதாகிட்டயே புகார் பண்ணிருவேன்."

அவன் மறுபடி விட்டுப் பார்க்கவில்லை. அந்தத் தொட்டியைப் பற்றி நான் பொய் சொல்வேன் என்று யாருக்குத் தோன்றும்? மேலே வந்து காப்பி போட்டேன். திக்காகவே போட்டேன்.

இன்று காலை ரொசாரியா கறுப்பு உடுத்தி என்னோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினோம். நான் ஒரு முனை, அவள் மறுமுனை. அவள் மூச்சு என் கையில் பட்டது. நிக்கோலா போனபிறகு என் மனம் அவ்வளவு நிறைந்திருந்ததில்லை.

அப்போதுதான் கேட்டாள். "அக்கா, அன்னிக்கு மெழுகுவத்தி எரிஞ்சுதுதானே?"

மாதாவின் முன்னால் நான் பொய் சொல்வதில்லை.

"அணைஞ்சிருச்சுடி. அவனுக்கு வலிச்சிருக்காது."

அவள் கையிலிருந்து போர்வை நழுவியது. வெளியே போய் போலீசுக்குச் சொல்லி உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். கோபம் இருக்கும், தீர்ந்துவிடும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது.

நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். அப்படியே ரொசாரியாவைக் கொஞ்சம் வரச் சொல்லுங்கள், ஐயா. பவனி கிளம்பும் நேரமாகிவிட்டது. மாதாவுக்கு ஒரு பக்கம் இன்னும் ஊசி குத்தவில்லை. இந்த ஊரில் அவளையும் என்னையும் விட்டால் தொடுவதற்கு வேறு ஆளில்லை.