நாமினி செல்வராசு அண்ணன்

"நீங்க செத்தா பணம் எனக்கில்லியாம், செல்வராசு அண்ணனுக்காம். நேத்து பீரோவ ஒதுக்கும்போது பாலிசி பேப்பரைப் பாத்தேன்."

பம்பாயில் கல்யாண் போகும் லோக்கல் ரயிலில், சயான் ஸ்டேஷனில் ஏறிய ஒரு பெண் தன் கணவரிடம் சொன்னது இது. அவள் மடியில் பரிசுத்தாள் சுற்றிய குக்கர் இருந்தது. கணவர் கதவோரம் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அது நம்ம கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது. தாராவியில ஒத்தை ரூம்பு கோலியில எட்டுப் பேரு படுத்துக் கிடந்தோம். ஏஜென்ட் வந்து நாமினி யாருன்னு கேட்டான். அன்னைக்குப் பக்கத்துல படுத்திருந்தது அவருதான்."

"உங்க அம்மா பேரைச் சொல்லப்படாதா?"

"அம்மா ஊர்ல இருந்தா. பம்பாய் அட்ரஸ் உள்ள ஆளா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

"பதினாறு வருசமா பக்கத்துல யாரு படுக்கான்னு ஆபீஸ்ல போய்ச் சொல்ல நேரமில்லையாக்கும்?"

எதிர் சீட்டுக்காரர் பேப்பரை மெதுவாகத் தாழ்த்தினார்.

"மாத்திரலாம்ட்டி. ஒரு பாரம் எழுதிக் குடுத்தாப் போதும். உயிரோட இருக்க வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம்."

"அதுவரைக்கும் பணம் அண்ணனுக்குத்தான? பொறவு அவரு மவ கல்யாணத்துக்கு இந்தக் குக்கர் வேற எதுக்கு?"

கணவர் சிரித்துக்கொண்டே கம்பியைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டினார். மனைவி எழுந்து போய், சட்டைக் காலரைப் பிடித்து அவரை உள்ளே இழுத்தாள்.

"பாரம் குடுக்குற வரைக்கும் வாசல்ல நிக்கப்படாது. அண்ணனுக்கு நான் குக்கர் மட்டுந்தான் குடுப்பேன்."