போனக்காடு சீல்

— சைக்கிள் பார்ல இது என்ன பாடு சாமி?

— எது?

— இந்தா, சீட்டுக்கு முன்னால. கயறு போட்டு இறுக்கிக் கெட்டுன தடம் மாதிரி இருக்கு. பெயிண்டு உரிஞ்சு போச்சு.

— அது... ஆத்துல மாடிப்படிக்குக் கீழ கட்டி வெச்சிருந்தேன். பொண்ணு மாளவிகா எடுத்துண்டு ஓட்டறேன்னு நிக்கறா, கேட்டியா. அதான்.

— ரெண்டு எடத்துல உண்டே.

— ரெண்டு கயிறு கட்டினா ரெண்டு இடத்துலதானே இருக்கும். நீ துடை தாசையா. ஆறு மணிக்கு சைக்கிள் கிளப் ஹால்ல இதை மேடையில ஏத்தணுமாம். மாலையெல்லாம் போடப்போறாளாம்.

— சைக்கிளுக்கா?

— சைக்கிளுக்கும்... எனக்கும்.

— கொள்ளாம், நல்லாத்தான் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் மாதிரி நில்லுங்க ரெண்டு பேரும்.

— கேலி பண்ணாதேடா.

— நான் ஏன் சாமி கேலி பண்ணுதேன். அதுக்கு இந்த ஆரியசாலையில வேற ஆளு உண்டு. காலத்த கடை தொறக்க வரும்ப லோடுகாரனுவ கேக்கானுவ, “பாதிமலை வந்தாச்சா”ன்னு.

— பாதிமலையா? அது யாரு?

— நான்தான். எனக்குப் போட்டிருக்க பேரு. பேப்பர்ல வந்துல்லா. மூணு நாள் சைக்கிள் யாத்திரைய முழுக்க முடிச்சது ராமசுப்ரமணியன் ஒருத்தர்தான்னு ஒங்க பேரு பெரிசா. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல, சைக்கிள் கடைத் தொழிலாளி தாசையன் மலைப்பாதையில நிறுத்திட்டாருன்னு. மலையாளம்னாலும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

— அது பேப்பர்காரன் கைச்சரக்குடா. கிளப்புல எழுதிக் குடுத்தது வேற.

— என்ன எழுதிக் குடுத்தாவ?

— உன் நோட்டுல மலை மேல இருக்கற போனக்காடு சீல் மாத்திரம் இல்லைன்னு... அவ்வளவுதான்.

— அதத்தானே அவன் நிறுத்திட்டான்னு எழுதினான்.

— ரூல் அப்படி இருக்கேடா. போற ஊர்லல்லாம் போஸ்ட் ஆபீஸ்ல போய் நோட்டுல தேதி சீல் குத்தி வாங்கணும். குத்தலைன்னா அந்த ஊருக்குப் போகலைன்னு அர்த்தம். உனக்கு தக்கலை உண்டு, சுசீந்திரம் உண்டு, குலசேகரம், ஆரியநாடு, விதுரை... எல்லாம் உண்டு. அந்த ஒண்ணுதான்...

— குலசேகரத்துல மூணு பேரு முடியாதுன்னு பஸ்சுல கேறியாச்சு. மிச்சம் நம்ம ரெண்டு பேரு. நீங்க நோட்டும் தண்ணிக்குப்பியுமா முன்னால போறிய. நான் அஞ்சு பேருக்க ட்யூபு, பம்பு, ஸ்பேனரு எல்லாம் கேரியர்ல வச்சுக் கெட்டிக்கிட்டு பின்னால பெடல சவுட்டுதேன். ஒரு எடத்துலயும் எறங்கித் தள்ளல்ல சாமி. ஒரு எடத்துலயும்.

— தெரியும்டா.

— தெரியும்னு என்கிட்டல்லா சொல்லுதிய. கமிட்டியில செக்ரட்டரி ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டாரு, இவன் மேல வந்தானா, நீங்க கண்டியளான்னு.

— கண்டேன்னுதான் சொல்ல வாயைத் திறந்தேன்...

— “சீல் இல்லாம நான் எப்படிச் சொல்றது”ன்னு சொன்னிய. செரி, விடுங்க. அந்தத் துணிய இங்கோட்டு எடுங்க. அதில்ல, மஞ்சத் துணி.

— இந்தா. ...உன் பொண்டாட்டி பொன்னம்மை என்ன சொல்றா?

— பேப்பர வச்சுக்கிட்டு ரெண்டு நாளா வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டல்ல. மூணாம் நாளு சோறு போட்டுக்கிட்டே கேக்கா. “மலைக்குப் போகல்லன்னா சனியாழ்ச்ச ராத்திரி எங்க போய்க் கெடந்தீரு?”

— ...ஹ.

— சிரிங்க, சிரிங்க.

— இல்லைடா, தப்பு. சிரிச்சிருக்கப்படாது.

— இருபத்தஞ்சு வருசமா அடுத்தவனுக்க வண்டியைத்தான் நேராக்கிக் குடுத்தாச்சு. ரிப்பேருக்கு ஆளு வேணும்னு நீங்கதான் என்னக் கூப்பிட்டிய. சும்மா வராண்டாம் தாசையா, நீயும் ஓட்டு, ஒனக்கும் சர்ட்டிபிகேட் உண்டுன்னு சொன்னிய. நான் அதக் கேட்டுட்டு, வீட்டுல சுவருல ஆணி அடிச்சு வச்சேன். கண்ணாடி போட்டு மாட்டதுக்கு. இப்ப அந்த ஆணியப் பாக்கதுக்கே நாணமா இருக்கு. பொன்னம்மை அதுல பஞ்சாங்கம் மாட்டிட்டா.

— தாசையா, சாயங்காலம் நீயும் வா. முன்வரிசையில உன்னை உக்காத்தி வைக்கறேன்.

— எதுக்கு? பாதிமலை யாருன்னு எல்லாரும் பாக்கதுக்கா?

— அப்படி யாரும் சொல்லமாட்டாடா.

— வரல்ல சாமி. ...ஹாண்டிலும் ஒரு பக்கமாட்டு சரிஞ்சிருக்கு. வண்டியப் படுக்கப்போட்டு, அதுக்க மேல பாரம் ஏதும் சாஞ்சா இப்படிச் சரியும்.

— யார் படுக்கப்போட்டா?

— நான் என்னத்தக் கண்டேன். மாளவிகாவா இருக்கும். ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் போடட்டா?

— வேண்டாம். நீ அதை விடு, நான் ஒண்ணு சொல்றேன். இந்த யாத்திரை நல்லபடியா முடிஞ்சா பழவங்காடி பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைக்கறேன்னு என் ஆத்துக்காரி விஜயம் வேண்டிண்டிருக்கா. எனக்குத் தெரியாது. நேத்திக்குக் கூட்டிண்டு போனா.

— ஒடச்சாச்சா?

— முதல் காயைக் கையில எடுத்தேன். பிள்ளையாரைப் பாத்தேன். கை தூக்க வரலைடா. பின்னால ஆளுகள் வரிசையில நிக்கறா, வேகம் ஆகட்டும் சாமின்னு ஒருத்தன் சொல்றான்... விஜயம் கேக்கறா, தோள்பட்டை வலியான்னு. மலை ஏறின வலின்னு அவளே சொல்லிண்டா. நானும் ஆமாம்னுட்டேன். பதினொண்ணையும் அவளே உடைச்சா.

— அவ்வளவு வலியா?

— வலியும் இல்லை, ஒண்ணும் இல்லை. வெக்கம். ஆபீஸ்ல வரவன் போறவன்லாம் கை குடுக்கறான். அம்பத்திரண்டு வயசுல எப்படி சார்னு கேக்கறான். எனக்கு அந்தக் கையைக் கழுவிக்கணும் போல இருக்கு. தெருவுல யாராவது எதிர வந்தா குடையைத் தாழ்த்திண்டு போறேன்.

— எதுக்கு? நீங்க சவுட்டி ஏறுனியதானே.

— ...

— ஏறுனியதானே சாமி?

— இல்லைடா. பாதி மலை வரைக்கும் மிதிச்சேன். அது நிஜம். அப்புறம் ஒரு வளைவுல நெஞ்சை அடைச்சுது. ரோட்டோரம் கலுங்குப் பாலக் கட்டையில உக்காந்துட்டேன். ஒரு லோறி வந்தது, எஸ்டேட்டுக்கு அரிசி கொண்டுபோறது. டிரைவர் தானே நிறுத்தி, கேறுங்க சாமின்னான். ஏறிட்டேன். சைக்கிளை மூட்டை மேல படுக்கப்போட்டு ரெண்டு கயிறு போட்டுக் கட்டினான். எஸ்டேட் வரதுக்கு முன்னால இறங்கிண்டேன். கடைசி ஒரு பர்லாங் மிதிச்சுண்டு போய் போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நின்னேன், மூச்சு வாங்கற மாதிரி.

— ம்.

— பாதிமலை நான்தான். உன்னை அப்படிக் கூப்பிடறா. திட்டுடா. நாலு வார்த்தை திட்டு, வாங்கிக்கறேன்.

— லோறியில அரிசி மட்டும் இல்ல. பயறும் வெல்லமும் உண்டு.

— உனக்கு எப்படித் தெரியும்?

— லோடு போனது இந்தத் தெருவுலருந்துல்லா. நம்ம வேதமாணிக்கத்துக்க வண்டி. அவன் வாற வழியில முதல்ல கண்டது என்னத்தான். நிறுத்தி, கேறு அண்ணேன்னு சொன்னான்.

— நீ ஏறலை...

— நான் எதுக்குக் கேறணும், எனக்குக் காலு நல்லாத்தான் இருந்துது. கீழ வளைவுல நின்னு பாத்தா மேல வளைவு தெரியும் சாமி. நீங்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு இருக்கத நான் கண்டாச்சு. அங்க ஒரு சாமி இருக்காரு, கேக்காண்டாம், நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போன்னு நான்தான் சொன்னேன்.

— நீயா சொன்ன?

— பின்ன? ஆளு போயிட்டா சீலு வாங்கி என்ன செய்யதுக்கு.

— இத்தனை நாளா தெரிஞ்சுண்டா சும்மா இருந்தே? கமிட்டியில நான் அப்படிச் சொன்னப்பகூட...

— நீங்களே சொல்லுவியன்னு பாத்தேன். நான் சொன்னா, சீல் கிட்டாதவன் வயித்தெரிச்சல்ல சொல்லுதான்னுதானே நெனப்பாவ. லோறி கேறுனதுக்கு எனக்கு ஒங்க மேல ஒரு கோவமும் தேஷ்யமும் இல்ல. சத்தியமாட்டு இல்ல. வேற ஒண்ணுதான் மனசுல கெடந்து குத்துது. கேக்கட்டா?

— கேளு.

— ஒங்கள ஏத்தி விட்டதுல எனக்கும் ஒரு நெனப்பு இருந்துது. சாமி முந்திப் போவாரு, பின்னால ஒருத்தன் வாறான்னு ஒரு வார்த்த சொல்லி வைப்பாரு, போஸ்ட்மாஸ்டரு நாலு மணி பஸ்ஸ விட்டுட்டு அஞ்சரை பஸ்ஸுல மலை எறங்குவாருன்னு. அந்தத் தெம்புலதான் சவுட்டுனேன். கடைசி வளைவுல வாறேன், நாலு மணி பஸ்ஸு எனக்க எதுக்க கீழ எறங்குது. ஜன்னல் பக்கம் ஒருத்தரு கையில பையோட இருக்காரு. அவருதான் போஸ்ட்மாஸ்டருன்னு மேல போயி பூட்டுன கதவக் கண்ட பொறவுதான் தெரிஞ்சுது. மறுநாளு ஞாயிறு வேற. சொல்ல மறந்து போச்சா சாமி? நெஞ்சு வலியில மறந்திருக்கும். மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போரும், நான் இத இதோட விட்டுருதேன்.

— மறக்கலைடா. அவரேதான் கேட்டார். கதவைச் சாத்தி, சாவியைக் கையில வெச்சுண்டு, பின்னால இன்னும் ஆள் உண்டோ, வேணும்னா நிக்கறேன்னார். எனக்கு ஒரு நிமிஷம் தோணித்து... முடிச்சது நான் ஒருத்தனா மாத்திரம் இருக்கட்டுமேன்னு. யாரும் இல்லைன்னு சொல்லிட்டேன் தாசையா.